விசிறியில்லா மேசைக்கணினி

விசிறியில்லா மேசைக்கணினி என்பது, உள்ளே சுழலும் காற்றாடி எதுவுமின்றித் தன் வெப்பத்தை வெளியேற்றிக்கொள்ளும் கணினி ஆகும். வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சு என்று பள்ளி அறிவியலில் படிக்கிறோமே, அந்த மூன்றை நம்பித்தான் அது இயங்குகிறது. கணினி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. 60 வாட் எடுக்கும் கணினி, பழைய 60 வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூட்டை வெளிவிடும். பத்துக் கணினிகள் ஒருசேர இரையும் பள்ளிக் கணினி அறையில் பின்வரிசைக்குப் பாடம் கேட்காது என்பதை ஆசிரியர்கள் அறிவர். அந்த இரைச்சலைத் தவிர்க்கும் முயற்சி வீட்டுக் கணினியின் வயதை ஒத்தது.

ஆப்பிளின் பிடிவாதம்

1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினியில் விசிறி இல்லை. ஸ்டீவ் ஜாப்ஸ் ஓசையற்ற கணினியையே விரும்பினார். அக்காலத்து மின்வழங்கிகள் பெரும்பாலும் கனமான மின்மாற்றி கொண்டவை. தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தை வெப்பமாக எரித்து வீணாக்குபவை. ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் அதற்கு மாற்றாக, மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டுச் செலுத்தும் சுவிட்சிங் முறை மின்வழங்கியை ஆப்பிள் 2க்கு வடிவமைத்தார். இம்முறை அவர் கண்டுபிடித்ததல்ல; வேறு கருவிகளில் முன்பே இருந்ததுதான். ஆனால் வெப்பம் குறைந்ததால் விசிறி தேவைப்படவில்லை. பயனர்கள் கூடுதல் அட்டைகளைச் செருகத் தொடங்கியதும் சூடு ஏறியது. ஆப்பிள் 2இன் பக்கவாட்டில் மாட்டும் தனி விசிறியை கென்சிங்டன் நிறுவனம் விற்றது!

1980இல் வந்த ஆப்பிள் 3 தான் இவ்வரலாற்றின் கசப்பான பாடம். அதிலும் விசிறி கூடாது என்று முடிவாயிற்று. வார்ப்பு அலுமினிய அடிப்பகுதியே வெப்பத்தைக் கடத்தி வெளியேற்றும் என்பது திட்டம். விற்பனைக்கு வந்த கணினிகள் பல செயலிழந்தன. சூடாவதும் ஆறுவதுமாக இருந்ததில் சில்லுகள் தம் பொருத்துக்குழிகளிலிருந்து மெல்ல மேலெழும்பின. கணினியைச் சில அங்குலம் தூக்கி மேசைமேல் போட்டால் சில்லுகள் மீண்டும் உட்காரும் என்று வாடிக்கையாளருக்கு அறிவுரை கூறப்பட்டது. விசிறியைத் தவிர்த்ததே காரணம் என்று பலர் எழுதினாலும், கூட்டை வடிவமைத்த ஜெர்ரி மேனாக் அதை மறுத்தார். சர்க்யூட் போர்டின் வடிவமைப்பே பழுது என்றார். என் கருத்தில், இரண்டும் சேர்ந்தே கெடுத்திருக்க வேண்டும். நெருக்கமான போர்டில் சிறு குறையையும் வெப்பம் பெரிதாக்கிவிடும்.

இதற்குப் பின்னும் ஜாப்ஸ் மாறவில்லை. 1984இன் மெக்கின்டாஷ் விசிறியின்றியே வந்தது. சூடான காற்று மேலே உள்ள துளைகள் வழியே புகைபோக்கியில் போவதுபோல் வெளியேறியது. அவர் ஆப்பிளை விட்டு விலகிய பின், 1987இல் வந்த மெக்கின்டாஷ் எஸ்இ கணினியில் விசிறி சேர்க்கப்பட்டது. அவர் திரும்பி வந்தபின், 2000இல் ஏறத்தாழ 20 செ.மீ. கனசதுரமாக விசிறியில்லா ஜி4 கியூப் வந்தது. அழகுக்குக் குறைவில்லை, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத் தொகுப்பிலும் இடம்பெற்றது. விலை அதிகம், விற்பனை குறைவு. ஓராண்டில் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

சில்லுகள் கொதித்த காலம்

1981இல் வெளியான ஐபிஎம் பிசியில் விசிறி இருந்தது மின்வழங்கிக்காகத்தான். அதன் 8088 செயலிக்கு ஹீட் சிங்க் கூடத் தேவைப்படவில்லை. 1993இன் பென்டியம் சுமார் 15 வாட் வெப்பம் தந்தது. 2004இன் பென்டியம் 4 பிரெஸ்காட் வகைச் செயலிகளில் சில 100 வாட்டைத் தாண்டின. டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க மின்னழுத்தமும் குறையும் என்று எண்ணியிருந்தனர். ஒரு கட்டத்தில் அது குறைய மறுத்தது, மின்கசிவும் கூடியது. அவ்வாண்டே இன்டெல், தேஜாஸ் என்ற அடுத்த செயலித் திட்டத்தைக் கைவிட்டு, வேகத்தை மட்டும் கூட்டுவதை விட்டு இரட்டைக் கருச் செயலிகளுக்குத் திரும்பியது.

அந்த ஆண்டுகளில் இரைச்சலை வெறுத்தோர் இரு வழிகளில் போயினர். தைவானின் வியா நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்திய 17 செ.மீ. சதுர மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டையும் சூடு குறைந்த செயலியையும் சிலர் நாடினர். மற்றவர்கள் வெப்பக்குழாயை நாடினர். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் 1963இல் ஜார்ஜ் குரோவர் உருவாக்கிய இச்சாதனம் விண்வெளிக் கலங்களில் பயன்பட்டது. காற்று நீக்கி மூடிய செப்புக் குழாயில் சிறிதளவு நீர் இருக்கும். சூடான முனையில் நீர் ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கு மீண்டும் நீராகும். உட்சுவரின் நுண்துளைப் பூச்சு, விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் அதைத் திரும்ப இழுத்துவரும். செயலியின் சூட்டைக் கணினிப் பெட்டியின் பக்கச்சுவருக்கே கொண்டுபோய்ச் சேர்க்க இது உதவியது.

இன்று அமைப்பதெனில்

இன்று வேலை எளிது. 35 வாட் செயலிகள் கிடைக்கின்றன. சுழலும் வன்தட்டின் இடத்தை ஓசையற்ற எஸ்எஸ்டி பிடித்துவிட்டது. ஹீட் சிங்கின் தகடுகள் இடைவெளி விட்டு அமைந்திருக்க வேண்டும். தானாக எழும் காற்று மெல்லவே நகரும், நெருக்கமான தகடுகளுக்குள் அது நுழையாது. நாக்டுவா நிறுவனம் 2021இல் வெளியிட்ட விசிறியில்லா ஹீட் சிங்க் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. விசிறி ஓசை நின்றதும், அதுவரை மறைந்திருந்த மின்சுருள்களின் கீச்சொலி காதில் விழுவதும் உண்டு.

நம் ஊரில் கவனிக்க வேண்டியது அறை வெப்பம். ஒரு ஹீட் சிங்க் முழுவேலையின்போது செயலியை அறையைவிட 50 பாகை கூடுதலாக வைத்திருக்கிறது எனக் கொள்வோம். 25 பாகை அறையில் அது 75 ஆகும். வேலூரின் மே மாத 40 பாகையில் 90 ஆகிவிடும். பல செயலிகள் 100 பாகையை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். ஆகவே கோடைக்கும் சேர்த்து, தேவைக்கு ஒரு படி பெரிய ஹீட் சிங்கைத் தேர்வதே நல்லது. பெட்டியை மேசையின் மூடிய அறைக்குள் வைக்கக் கூடாது. அடியிலும் மேலும் காற்றுக்கு வழி வேண்டும். காற்றை உள்ளிழுக்க விசிறி இல்லாததால் தெருப்புழுதி உள்ளே சேர்வது மட்டும் குறைவு.