கடன்பட்டு வாங்கிய நாட்கள், சேர்த்து வைத்து விற்ற நாட்கள்

கொச்சியில் கடவந்திரா பக்கம் ஒரு சின்ன டீக்கடை. பெயர் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ். அதை நடத்திய கே.ஆர். விஜயனும் அவர் மனைவி மோகனாவும் முதன்முதலாக வெளிநாடு போனது 2007-இல், இஸ்ரேலுக்கு. கடைசியாகச் சேர்ந்து போனது 2021 அக்டோபரில், ரஷ்யாவுக்கு. இந்தப் பதினான்கு ஆண்டுகளில் 26 நாடுகளைப் பார்த்துவிட்டார்கள். ரஷ்யாவிலிருந்து திரும்பிய அடுத்த மாதமே விஜயன் மாரடைப்பால் காலமானார்.

அவர்கள் போன வழியைப் பத்திரிகைகள் நிறைய எழுதின. நாளுக்கு 300 ரூபாய் தனியே எடுத்து வைப்பார்கள். சம்பளத்துக்கு ஆள் கிடையாது. அடுப்பு முதல் மேசை துடைப்பது வரை கணவன் மனைவி இருவர் கைதான். சேர்ந்த பணம் பத்தாதபோது வங்கியில் கடன். ஊர் சுற்றி வந்ததும் மறுபடி அடுப்பைப் பற்றவைத்து, இரண்டு மூன்று வருடம் உழைத்துக் கடனை அடைப்பார்கள். அடைத்து முடித்ததும் அடுத்த பயணத்துக்கு அடுத்த கடன். 2019-இல் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா அவர்களைப் பற்றி எழுதி, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பார்க்க உதவினார். அதற்கு முன்பே அவர்கள் பாதி உலகத்தைச் சொந்தக் கடனில் பார்த்து முடித்திருந்தார்கள்.

இவர்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க நான் எடுத்துக்கொள்வது ஒரு தனி மனிதரை அல்ல, எல்.டி.சி. என்ற விடுப்புப் பயணச் சலுகையில் ஊர் பார்க்கும் மத்திய அரசு ஊழியரை. எனக்கு உள்ளும் புறமும் தெரிந்த உலகம் அது. பில் பிரிவிலும் பென்ஷன் பிரிவிலும் வேலை பார்த்தவள் நான். எத்தனையோ பேருடைய பயணங்களை டிக்கெட்டும் போர்டிங் பாஸும் நூலில் கோத்த காகிதக் கட்டாகப் பார்த்திருக்கிறேன்.

நான்கு வருடம் ஒரு பிளாக். அதற்குள் இரண்டு முறை குடும்பத்தோடு சொந்த ஊர் போய்வரக் கட்டணம் உண்டு. அதில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் இந்தியாவில் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம். வடகிழக்கு மாநிலங்கள், ஜம்மு காஷ்மீர், லடாக், அந்தமான் ஆகிய இடங்களுக்கு விமானத்தில் போக, அந்தத் தகுதி இல்லாத கீழ்நிலை ஊழியருக்கும் சலுகை உண்டு. இரண்டிரண்டு ஆண்டுகளாக அதை நீட்டித்து வந்திருக்கிறார்கள். முன்பணமாகத் தொண்ணூறு சதவீதம் வரை வாங்கிக்கொள்ளலாம். போய்வரும் கட்டணம் மட்டும்தான் அரசின் கணக்கு. அறை வாடகை, சாப்பாடு, உள்ளூரில் சுற்றும் டாக்சி எல்லாம் கைக்காசு.

இந்தச் சலுகையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. இது இல்லாவிட்டால், திருநெல்வேலியிலோ விருதுநகரிலோ ஒரு தபால் அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவர் வயதான அம்மாவையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கௌஹாத்திக்கு விமானம் ஏறியிருக்கவே மாட்டார். தமிழ்நாட்டின் சாதாரணக் குடும்பங்களுக்கு நாகாலாந்தையும் மேகாலயாவையும் செய்தித்தாளுக்கு வெளியே காட்டியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனாலும் கடைக்காரரையும் அலுவலரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு வித்தியாசம் கண்ணை உறுத்துகிறது. அரசு ஊழியருக்கு வருடத்துக்கு முப்பது நாள் ஈட்டிய விடுப்பு, அதாவது ஈ.எல். ஜனவரி முதல் தேதி பதினைந்து, ஜூலை முதல் தேதி பதினைந்து என்று கணக்கில் ஏறும். எடுக்காமல் விட்டால் 300 நாள் வரை சேரும். ஓய்வுபெறும் நாளில் அந்த 300 நாளுக்கும் சம்பளக் கணக்கில் பணம் கிடைக்கும். அதனால் பணியில் சேர்ந்த நாள் முதலே ஈ.எல்.லைத் தொடாதே என்றுதான் மூத்தவர்கள் சொல்லித் தருகிறார்கள். எனக்கும் சொன்னார்கள்: “கேஷுவல் லீவை வச்சு ஓட்டும்மா. ஈ.எல். உன் பொண்ணு கல்யாணத்துக்கு.” அப்போது எனக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

விஜயனுக்கு ஈ.எல். கிடையாது, சி.எல். என்ற கேஷுவல் லீவும் கிடையாது. கடையைப் பூட்டிய நாளில் வருமானம் பூஜ்யம், செலவு மட்டும் ஓடும். அவருடைய ஒவ்வொரு பயண நாளும் இரண்டு மடங்கு விலை கொண்டது. இருந்தும் அவர் கடன்பட்டு நாட்களை வாங்கினார். நாங்களோ கையில் இருந்த நாட்களைச் சேர்த்து வைத்துப் பணமாக்கினோம். விடுப்பு உள்ளவர் போகவில்லை, விடுப்பே இல்லாதவர் போனார் என்பதை மனநிலை வேறுபாடு என்று மட்டும் சொல்லிவிட்டால் விஷயம் பாதிதான் சொன்னதாகும். விடுப்பைப் பணமாகப் பார்க்க எங்களைப் பழக்கியது விதி. கடைக்காரரை அப்படிப் பழக்க யாரும் இல்லை. போவதா வேண்டாமா என்ற முடிவு முழுக்க அவர் கையில் இருந்தது.

இரண்டு வகைப் பயணமும் அவசரப் பயணம்தானே, ஏழெட்டு நாளில் ஒரு பண்பாட்டை எப்படிப் புரிந்துகொள்ள முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. விஜயன் தம்பதியும் குழுப் பயணமாகத்தான் போனார்கள். பேருந்தை விட்டு இறங்கி, படம் எடுத்து, மறுபடி ஏறுகிற பயணம். இந்தக் குறையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் அலைய முடிந்தவர்களுக்குத்தான் பிற மக்களைப் பற்றித் தெரிந்துகொள்ள உரிமை என்றால், உழைத்துச் சாப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். போகிறவர் எந்தக் கண்ணோடு போகிறார் என்பதுதான் எனக்கு முக்கியம். அந்தக் கண்ணைத் தருவதில் அவர் பார்க்கும் வேலைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வேலை பயணத்துக்குத் தடை என்றே எல்லாரும் பேசுகிறோம். எது வியப்பானது என்று நமக்குக் காட்டித் தருவதும் அந்த வேலைதான்.

என் கதையையே சொல்கிறேன். பென்ஷன் பிரிவில் இருந்தபோது குடும்ப விவரப் படிவங்கள் தினமும் என் கை வழியாகப் போகும். தகப்பனார் பெயர், கணவர் பெயர், யார் வாரிசு, யாருக்குப் பங்கு என்பதையே பார்த்துப் பார்த்துப் பழகிய கண். அந்தச் சமயத்தில் எல்.டி.சி.யில் மேகாலயா போனோம், நானும் கணவரும் மகளும். சிரபுஞ்சிக்குப் பக்கத்தில் டிர்னா என்ற கிராமம். அங்கிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால், உயிருள்ள ஆலமர வகை வேர்களைப் பின்னிப் பின்னி வளர்த்த இரண்டடுக்குப் பாலம் இருக்கிறது. எல்லாரும் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நாங்களும் அதற்குத்தான் போனோம்.

பாலத்தைவிட நாங்கள் தங்கிய வீடுதான் என் மனத்தில் நின்றது. வீட்டுக்கார அம்மாளுக்கு மூன்று பெண்கள், ஒரு பையன். பேச்சோடு பேச்சாக, வீடு யாருக்கு என்று கேட்டுவிட்டேன். அது பென்ஷன் பிரிவுக் கேள்வி. வாயில் தானாக வந்துவிட்டது. அந்த அம்மாள் கடைசிப் பெண்ணைக் காட்டினார். அங்கே வாழும் காசி பழங்குடி மக்களிடம் குடும்ப வீடு கடைசி மகளுக்குப் போகிறது. பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொள்வதும், குடும்பச் சடங்குகளை நடத்துவதும் அவள் பொறுப்பு. பிள்ளைகளுக்கு அம்மாவின் குலப்பெயர்தான். வீட்டில் பெரிய முடிவு என்றால் தாய்மாமன் சொல்லுக்கு மதிப்பு. தாய்மாமனை நமக்கும் தெரியும்; சீரும் மாலையும் கொண்டு வருகிறவராகத் தெரியும். அங்கே அவருக்கு வேறு கனம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டில் க்வாய் வந்தது. பச்சைப் பாக்கு, சுண்ணாம்பு தடவிய வெற்றிலை. தாம்பூலம்தானே என்று நம்மூர் நினைப்பில் வாயில் போட்டு மென்றேன். அரை நிமிடத்தில் காது மடல் சூடேறியது, நெற்றியில் வியர்வை அரும்பியது, நெஞ்சு படபடத்தது. அந்த அம்மாளும் பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பழகாதவர்களுக்கு அப்படித்தான் இருக்குமாம். வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் கொடுப்பது க்வாய். முன்பெல்லாம் நடைதூரத்தையே எத்தனை க்வாய் மெல்லும் தூரம் என்று சொல்வார்களாம். ஒருவர் இறந்துபோனால், கடவுள் வீட்டில் க்வாய் மென்றுகொண்டிருக்கிறார் என்று சொல்வது வழக்கமாம். நம் கல்யாணத் தட்டில் இருக்கும் அதே வெற்றிலை பாக்கு, அங்கே சாவின் துக்கத்தையும் ஆற்றுகிறது.

ஊர் திரும்பி மறுபடி அந்தப் படிவங்களைப் பார்த்தபோது, தகப்பனார் பெயர் என்ற கட்டம் இயற்கையாகவே அங்கே முளைத்தது போல எனக்குத் தோன்றவில்லை. யாரோ உட்கார்ந்து யோசித்துப் போட்ட கட்டம் அது. இன்னொரு சமூகம் உட்கார்ந்தால் வேறு கட்டம் போட்டிருக்கும். நான் அந்த நாற்காலியில் வேலை பார்த்திராவிட்டால் டிர்னாவில் பாலத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்திருப்பேன்.

விஜயன், மோகனா கதையில் எனக்குப் பிடித்ததும் இந்த இடம்தான். அவர்கள் பயணத்தைக் கடைக்கு வெளியே வைக்கவில்லை. போய்வந்த ஊர்களின் படங்கள் கடைச் சுவர்களில் இருந்தன. டீ குடிக்க வருகிறவர் படத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். டீயை ஆற்றிக்கொண்டே பதில் வரும். ஒரு வாரம் பார்த்த ஊரை, கடன் அடைபடும் இரண்டு மூன்று வருடமும் தினம் பலருக்குச் சொல்லிக்கொண்டிருந்தால், அந்த ஊர் சொல்பவருக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கும்! குழுப் பயணத்தின் அவசரத்தை அந்தக் கடை ஈடுகட்டிவிட்டது என்று நினைக்கிறேன். அவர்களுக்குக் கிடைத்த ரசிகர்கள், ஊடகங்கள், புகழ் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

எங்கள் அலுவலகத்தில் பயணத்தின் மறுவாழ்வு வேறு மாதிரி. முன்பணம் வாங்கியிருந்தால் திரும்பிய ஒரு மாதத்துக்குள் கிளெய்ம் போட வேண்டும், வாங்காவிட்டால் மூன்று மாதம். டிக்கெட் அனுமதிக்கப்பட்ட ஏஜென்ட் மூலம் எடுத்ததா, கிட்டிய வழியில் போனதா, சர்வீஸ் புக்கில் பதிவானதா, எல்லாம் பார்ப்போம். காசிரங்காவில் காண்டாமிருகம் தெரிந்ததா என்று கேட்க அந்தக் காகிதக் கட்டில் இடமில்லை. சகாக்கள் கேட்பதும் பெரும்பாலும் பில் பாஸாகிவிட்டதா என்பதுதான். பொதுப்பணத்தைச் சரிபார்க்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு பயணத்தைப் பற்றி எங்கள் அலுவலகம் கேட்ட ஒரே கேள்வி அதன் கட்டணமாக இருந்தது என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

உலகத்தைப் பார்க்கும் ஆசை அலுவலருக்கு இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கு உண்டு. ஸ்டேட் வங்கி ஊழியர் ஒருவர் விடுப்புப் பயணச் சலுகையில் மதுரை போவதாக டெல்லியில் கிளம்பியிருக்கிறார். மதுரையிலிருந்து கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், மறுபடி கொழும்பு வழியாக டெல்லி திரும்பியிருக்கிறார். இந்தியாவுக்குள், கிட்டிய வழியில் போவதற்குத்தான் வரிவிலக்கு, இப்படிச் சுற்றிவருவதற்கு இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. சட்டப்படி சரியான தீர்ப்பு. ஆனால் மதுரைக்குக் கொடுத்த கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிங்கப்பூர் வரை எட்டிப்பார்த்த அந்த மனம் எனக்குப் புரிகிறது. சொந்தப் பணத்தில் வெளிநாடு போகவும் நாங்கள் துறைக்குத் தெரிவித்து அனுமதி வாங்க வேண்டும். விஜயனுக்கு அந்தத் தொல்லை இல்லை. வங்கி மேலாளரைச் சம்மதிக்க வைத்தால் போதும்.

அதற்காக எல்லாரும் கடன் வாங்கி ஊர் சுற்றுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு நடுவில் ஒரு பெரிய நோயோ கடையைக் காலி செய்ய வேண்டிய நிலையோ வந்திருந்தால் அந்தக் கடன் கழுத்தை நெரித்திருக்கும். ஈ.எல். சேர்க்கச் சொன்ன எங்கள் மூத்தவர்களும் கஞ்சர்கள் அல்லர். பெண்ணைக் கட்டிக்கொடுக்கவும் வீட்டுக்கு மேல்தளம் போடவும் அந்த 300 நாள் பணத்தை எண்ணியே இருந்தவர்கள். அந்தப் பணம் இல்லாமல் தவித்த குடும்பங்களையும் பென்ஷன் பிரிவில் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் சேர்ப்பதற்கு ஒரு விதி இருப்பதுபோல் செலவழிக்கத் தூண்ட ஒரு விதி இல்லையே என்பதுதான் என் குறை.

இன்னும் சொல்லப்போனால் விதி எதிர்த் திசையில் இழுக்கிறது. எல்.டி.சி. போகும்போது பத்து நாள் ஈ.எல்.லை விற்றுக்கொள்ளலாம், பணிக்காலம் முழுக்க அறுபது நாள் வரை. போய்வர எத்தனை நாள் விடுப்பு எடுத்தீர்கள் என்பதற்கும் இந்தப் பத்து நாளுக்கும் தொடர்பு கிடையாது. அதனால் சனி ஞாயிறோடு இரண்டு நாள் சி.எல். சேர்த்து அந்தமான் போய்வந்து, பத்து நாளை விற்றவர்கள் ஏராளம். விமானத்தில் பாதி நேரம், அறையில் பாதி நேரம். ஒரு வாரமாவது அந்த மண்ணில் தங்கினால்தான் பத்து நாள் பணம் என்று வைக்கலாம். தங்கும் செலவில் ஒரு பகுதியை, உள்ளூர்க்காரர் வீட்டில் தங்கினால் மட்டும் தரலாம். தமிழ்க் குடும்பம் ஒன்று கோஹிமாவிலோ லேவிலோ ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச, கட்டணத்தோடு கூட நான்கைந்து நாளும் வேண்டும். கட்டணத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்ட அரசுக்கு அந்த நான்கைந்து நாளைக் கொடுப்பது கடினமான காரியம் இல்லை.