டாலி-ஹோ (நீர்மூழ்கிக் கப்பல்)

டாலி-ஹோ என்பது இரண்டாம் உலகப் போரின்போது இலங்கையின் திருகோணமலையைத் தளமாகக் கொண்டு இயங்கிய பிரித்தானிய நீர்மூழ்கிக் கப்பலாகும். டி வகுப்பைச் சேர்ந்த இது 1942ல் நீரில் இறக்கப்பட்டது. போர்க்காலத்தில் இதன் கட்டளை அதிகாரியாக இருந்தவர் லெஸ்லி பெனிங்டன்.

சப்பானியர் வசமிருந்த பினாங்குக்கு அருகே 1944 சனவரி 11 அன்று இக்கப்பல் ஏழு டார்ப்பிடோக்களை ஏவியது. அவற்றுள் இரண்டு தாக்கியதில் குமா என்ற சப்பானியப் போர்க்கப்பல் மூழ்கியது. பிப்ரவரி 14ல் மலாக்கா நீரிணையில், இத்தாலியில் கட்டப்பட்டுப் பின்னர் செருமனி வசமான யூ.ஐ.டி-23 நீர்மூழ்கியையும் மூழ்கடித்தது. நீர்மூழ்கியொன்று மற்றொரு நீர்மூழ்கியை வீழ்த்துவது அரிது.

பிப்ரவரி 24ல் காரி என்ற சப்பானிய டார்ப்பிடோப் படகு இதன்மீது உரசிச் சென்றது. படகின் சுழல்விசிறி இதன் இடப்பக்க மிதவைத் தொட்டிகளைக் கிழித்தது. நீரை நிரப்பினால் மூழ்கவும் காற்றை நிரப்பினால் மிதக்கவும் உதவும் இத்தொட்டிகள், மாலுமிகள் தங்கும் உள்ளுடலுக்கு வெளியே அமைந்தவை. உள்ளுடல் துளைபடாததால் கப்பல் ஒருபக்கம் சாய்ந்தபடியே திருகோணமலை வந்து சேர்ந்தது.

இம்மோதலுக்கு மறுநாள் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட ஸ்டோன்ஹெஞ்ச் என்ற நீர்மூழ்கி, சுமாத்திராவின் வடகரைக்கும் நிக்கோபார் தீவுகளுக்கும் இடையே சுற்றுக்காவலுக்குச் சென்றது. அது திரும்பவில்லை, அதற்கு நேர்ந்தது என்னவென்று இன்றுவரை அறியப்படவில்லை. டாலி-ஹோ 1967ல் உடைப்பதற்காக விற்கப்பட்டது.