பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகம்: ஆராய்ச்சிக்கென எழுந்த பல்கலைக்கழகம்

பல்கலைக்கழகம் என்றதும் பரீட்சை, பட்டமளிப்பு விழா, அதன் பின்னர் உத்தியோகம் என்ற வரிசையே எம்மவர் எண்ணத்தில் எழுவது வழக்கம். ஏற்கெனவே அறியப்பட்டதைக் கற்பிப்பது பல்கலைக்கழகத்தின் ஒரு பணி மாத்திரமே. இதுவரை அறியப்படாததைக் கண்டறிவது அதன் மற்றைய பணி. இந்த இரண்டாவது பணியையே முதன்மையாகக் கொண்டு தெற்காசியாவில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இயங்கிவரும் நிறுவனங்களுள் பெங்களூரில் அமைந்துள்ள இந்திய விஞ்ஞான நிறுவகம் முதலிடத்தில் வைத்து எண்ணத்தக்கது. பொறியியல், பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், கணிதம் எனப் பரந்த துறைகளைக் கொண்டுள்ள இந்நிறுவகத்தில் சுமார் ஐயாயிரம் மாணவர்கள் பயில்கின்றனர். அவர்களுள் அரைவாசிக்கும் மேற்பட்டோர் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வில் ஈடுபட்டவர்கள். இளமாணிப் பட்டப் படிப்பு இங்கு 2011ஆம் ஆண்டிலேயே ஆரம்பிக்கப்பட்டது என்பது இதன் இயல்பை விளக்கப் போதுமானது. ஏனைய பல்கலைக்கழகங்கள் அத்திவாரமாகக் கொள்வதை இது நூறாண்டுகளின் பின்னரே சேர்த்துக் கொண்டது.

இந்நிறுவகத்தை எண்ணியவர் அரசரோ ஆளுநரோ கல்விமானோ அல்லர். மும்பை நகரின் வர்த்தகரான ஜம்ஷெட்ஜி டாட்டா. 1893ஆம் ஆண்டு ஜப்பானிலிருந்து வட அமெரிக்கா நோக்கிய கப்பற் பயணத்தில் சுவாமி விவேகானந்தரும் இவரும் ஒன்றாகச் சென்றனர் என்பதும், ஐந்தாண்டுகளின் பின்னர் தமது ஆராய்ச்சி நிறுவகத் திட்டத்துக்கு ஆதரவு வேண்டி டாட்டா அவருக்குக் கடிதம் எழுதினார் என்பதும் பலரும் அறிந்த செய்திகள். இத்திட்டத்துக்கென டாட்டா ஒதுக்கிய சொத்துக்களின் பெறுமதி அக்காலத்தில் சுமார் 30 இலட்சம் ரூபா. அத்துடன் நிறுவகத்துக்குத் தமது பெயரைச் சூட்டுவதை அவர் விரும்பவில்லை. கொடுத்த ஒரு கதிரையிலும் கொடையாளியின் பெயரை எழுதிவைக்கும் வழக்கத்துக்குப் பழகிய நாம் இதனைச் சற்று நின்று கவனிக்கலாம். ஆயினும் பெங்களூர்வாசிகள் இன்றும் அதனை 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்றே அழைக்கின்றனர்.

பணம் இருந்தும் காரியம் இலகுவில் நிறைவேறவில்லை. அப்போது பதவியேற்றிருந்த இராஜப்பிரதிநிதி கர்சன் பிரபு இரண்டு ஐயங்களைக் கிளப்பினார். இத்தகைய உயர் ஆய்வுக்குத் தகுதியான மாணவர்கள் இந்தியாவில் கிடைப்பார்களா என்பது ஒன்று. கிடைத்தாலும் அவர்களுக்குத் தொழில் எங்கே என்பது மற்றையது. பிரித்தானிய இரசாயனவியலாளர் வில்லியம் ராம்சே வரவழைக்கப்பட்டு, நாட்டைச் சுற்றிப் பார்த்து, பெங்களூரே பொருத்தமான இடம் எனப் பரிந்துரைத்தார். அதன் பின்னரும் கடிதங்களும் குழுக்களுமாகக் காலம் கழிந்தது. 1904ஆம் ஆண்டு டாட்டா காலமானபோது ஒரு கல்லும் நாட்டப்பட்டிருக்கவில்லை. மைசூர் சமஸ்தானம் சுமார் 370 ஏக்கர் நிலத்தை வழங்கியது; 1909ஆம் ஆண்டு நிறுவகம் சட்டரீதியாக உருவானது; 1911ஆம் ஆண்டு முதல் மாணவர்கள் சேர்க்கப்பட்டனர். ராம்சேயுடன் இணைந்து நியோன் உள்ளிட்ட வாயுக்களைக் கண்டறிந்த மொரிஸ் டிராவர்ஸ் முதலாவது பணிப்பாளரானார்.

ஆரம்ப ஆண்டுகளின் பணிகளுள் எமது வாசகர்களின் வீடுகள் வரை எட்டிய ஒன்று உண்டு. முதலாவது உலக மகாயுத்தத்தால் ஐரோப்பாவுக்கான சந்தனக் கட்டை ஏற்றுமதி தடைப்பட, மைசூரில் மரம் தேங்கிக் கிடந்தது. நிறுவகத்தின் பேராசிரியர்களான சட்பரோவும் வாட்சனும் சந்தனத்திலிருந்து எண்ணெய் வடிக்கும் முறையை உள்நாட்டிலேயே உருவாக்கினர். அதன் வழியே எழுந்தவைதான் மைசூரின் சந்தன எண்ணெய்த் தொழிற்சாலையும், பின்னர் வந்த மைசூர் சந்தன சவர்க்காரமும். ஆய்வுகூடத்துக்கும் கைத்தொழிலுக்கும் இடையிலான தூரத்தைக் குறைக்க வேண்டும் என்ற டாட்டாவின் எண்ணம் முதலில் நிறைவேறிய இடங்களுள் இது ஒன்று.

1933ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. இராமன் பணிப்பாளர் பதவியை ஏற்ற முதல் இந்தியரானார். கல்கத்தாவில் செய்த ஆய்வுக்காக நோபல் பரிசைப் பெற்று மூன்றாண்டுகள் கழிந்திருந்தன. பௌதிகவியல் துறை அவராலேயே இங்கு உருப்பெற்றது. ஹிட்லரின் ஆட்சியில் பதவி இழந்த ஜேர்மனிய விஞ்ஞானிகளை பெங்களூருக்கு வரவழைக்க அவர் முனைந்தார். 1935ஆம் ஆண்டு குவாண்டம் பொறிமுறையின் மூலவர்களில் ஒருவரான மக்ஸ் போர்ன் வந்து சில மாதங்கள் பணியாற்றினார். எனினும் அவருக்கு நிரந்தரப் பதவி வழங்கும் யோசனையை உள்ளிருந்தோரே எதிர்த்ததால் அவர் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்டார். 1954இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இராமனும் நிருவாகப் பிணக்குகளின் விளைவாக 1937இல் பணிப்பாளர் பதவியைத் துறந்து, 1948 வரை பேராசிரியராக மாத்திரம் நீடித்தார். மேதைகளைச் சேர்ப்பதிலும் பார்க்க அவர்களை வைத்திருப்பது கடினம் என்பதை இந்நிறுவகம் அப்போது கற்றது.

அதே இராமனின் காலத்தைப் பற்றிப் பேசும்போது மறைக்க முடியாத ஒரு விடயமும் உண்டு. மும்பைப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்ற கமலா பாக்வத், பின்னாளில் கமலா சோஹோனி, 1933இல் அனுமதி கோரியபோது பெண் என்ற காரணத்தால் இராமன் மறுத்துவிட்டார். அப்பெண் காந்தி வழியில் பணிப்பாளரின் அலுவலகத்தின் முன் சத்தியாக்கிரகம் இருந்தார். ஓராண்டு பரீட்சார்த்த காலம், பணிப்பாளர் திருப்தியுற்றால் மாத்திரமே ஆய்வு ஏற்கப்படும், ஆண் ஆய்வாளரின் கவனத்தைச் சிதறடிக்கக் கூடாது என்ற நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. பாலிலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்த அவர், பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று 1939இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். விஞ்ஞானத் துறையில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் எனப் போற்றப்படுபவர் அவரே. கேரளத்தைச் சேர்ந்த அன்னா மாணியின் கதை வேறு விதமானது. 1940இல் இராமனின் ஆய்வுகூடத்தில் சேர்ந்து வைரத்தின் ஒளியியல்புகளை ஐந்தாண்டுகள் ஆராய்ந்தார். பட்டம் வழங்கும் அதிகாரம் அப்போது நிறுவகத்துக்கு இல்லாததால் ஆய்வேடு சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. அவரிடம் முதுமாணிப் பட்டம் இல்லை என்ற காரணத்தைக் காட்டி அப்பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டத்தை மறுத்தது. அவர் வானிலை அவதானிப்புக் கருவிகளை உள்நாட்டில் உருவாக்குவதில் இந்தியாவுக்கு வழிகாட்டியவராகப் பின்னர் விளங்கினார். நிறுவகம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகித் தானே பட்டம் வழங்கும் உரிமையைப் பெற்றது 1958இல் தான்.

இரண்டாவது உலக யுத்தம் எதிர்பாராத நன்மைகளையும் கொணர்ந்தது. விடுமுறைக்காக இந்தியா வந்த ஹோமி பாபா கேம்பிரிட்ஜ் திரும்ப முடியாமல் 1939இல் இங்கு ஆசிரியரானார். விக்ரம் சாராபாயும் அவ்வாண்டுகளில் இங்கேயே அண்டக் கதிர்களை ஆராய்ந்தார். இந்திய அணுசக்தித் திட்டத்தின் தந்தையும் விண்வெளித் திட்டத்தின் தந்தையும் ஒரே வளாகத்தில் நடந்து திரிந்தனர். பெங்களூரில் 1940இல் விமானத் தொழிற்சாலை தொடங்கியதைத் தொடர்ந்து 1942இல் விமானப் பொறியியல் துறையும் நிறுவகத்தில் ஆரம்பமாயிற்று.

அத்துறைக்கு 1951இல் வந்து சேர்ந்தவர் சதீஷ் தவான். அடுத்த பத்தாண்டுகள் அளவில் பணிப்பாளராகி, 1981 வரை அப்பதவியில் இருந்தார். எமது நோக்கில் நிறுவகத்தின் வரலாற்றில் அதுவே மிகவும் செழிப்பான காலம். 1972இல் விண்வெளி ஆய்வு அமைப்பின் தலைமையை ஏற்குமாறு அரசு கேட்டபோது, நிறுவகப் பணிப்பாளர் பதவியைத் தாம் விடமாட்டார் என்றும், அமைப்பின் தலைமையகம் பெங்களூரிலேயே இருக்க வேண்டும் என்றும் அவர் நிபந்தனை விதித்தார். அரசும் இணங்கியது. தலைமன்னாருக்கு எதிர்க்கரையிலுள்ள இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் தலைமை தாங்கிய எஸ்.எல்.வி-3 ஏவுகலம் 1979 ஆகஸ்ட் 10ஆம் திகதி கடலில் வீழ்ந்தது. பத்திரிகையாளரைச் சந்தித்துத் தோல்விக்குப் பொறுப்பேற்றவர் தவான். மறு ஆண்டு ஜூலை 18இல் வெற்றி கிட்டியபோது பத்திரிகையாளரின் முன் கலாமை அனுப்பிவிட்டுத் தாம் ஒதுங்கினார். இதனைக் கலாம் தமது இறுதிக் காலம் வரை மேடைதோறும் நன்றியுடன் சொல்லி வந்தார்.

தவானின் காலத்தில் வந்தவர்களுள் ஜி.என். இராமச்சந்திரனும் குறிப்பிடத்தக்கவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் புரதத்தின் முப்புரிக் கட்டமைப்பையும், உலகெங்கும் உயிரியலாளர்கள் இன்றும் பயன்படுத்தும் 'இராமச்சந்திரன் வரைபடத்தையும்' வகுத்த அவர், 1970களின் தொடக்கத்தில் இங்கு மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பிரிவை அமைத்தார். மறுபுறத்தில் மின்னிரசாயனவியலாளரான அமுல்ய ரெட்டி, கிராமத்துக்கு உதவாத விஞ்ஞானம் எதற்கு என்ற கேள்வியுடன் 1974இல் 'அஸ்திரா' என்னும் பிரிவைத் தொடங்கினார். புகை குறைந்து விறகு மிச்சமாகும் அடுப்பு, சுடாத மண் கற்கள், ஊர் முழுவதற்கும் பொதுவான சாணவாயு நிலையம் ஆகியன அங்கிருந்தே வெளிவந்தன. ஏவுகலத்துக்கும் அடுப்புக்கும் ஒரே வளாகத்தில் ஒரே காலத்தில் இடம் இருந்தது.

இன்றைய நிலை கலப்பானது. 2021இல் வெளியான கியூ.எஸ். தரவரிசையில், ஓர் ஆசிரியருக்குரிய ஆய்வு மேற்கோள்களின் எண்ணிக்கையில் நிறுவகம் உலகில் முதலிடம் பெற்றது. ஆனால் அதே பட்டியலின் ஒட்டுமொத்த வரிசையில் அதன் இடம் 186. வெளிநாட்டு மாணவர், வெளிநாட்டு ஆசிரியர் போன்ற அளவுகோல்கள் அதனைக் கீழிழுக்கின்றன. தரவரிசைகளை நாம் பெரிதாக நம்புவதில்லை. ஆயினும் ஒரே பட்டியலில் முதலாவதாகவும் 186ஆவதாகவும் இருப்பது அவற்றின் வரம்பைக் காட்டுகின்றது. சித்திரதுர்க்கா மாவட்டத்தின் சள்ளகெரேயில் 1500 ஏக்கர் அளவில் இரண்டாவது வளாகத்துக்கு நிலம் வழங்கப்பட்டபோது, தலைமுறைகளாக அப்புல்வெளியில் ஆடுமாடு மேய்த்து வந்த மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர், வழக்குகளும் தொடரப்பட்டன. விஞ்ஞானத்தின் பெயரால் எடுக்கப்பட்டாலும் மேய்ச்சல் நிலம் மேய்ச்சல் நிலமே. அந்த முறைப்பாட்டுக்கு ஆய்வுக் கட்டுரைகள் விடையாகா.

தனியார் கொடையிலிருந்து பிறந்த நிறுவகத்துக்கு அரசாங்க நிதியே நீண்டகாலமாக ஆதாரமாக இருந்துவந்துள்ளது. எனினும் 2022 பெப்ரவரியில், தகவல் தொழில்நுட்பத் துறையில் பொருளீட்டிய பாக்சி, பார்த்தசாரதி என்னும் இரு தம்பதியினர் சேர்ந்து 425 கோடி ரூபாவை வழங்க முன்வந்தனர். வளாகத்துக்குள்ளேயே 800 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலையையும் மருத்துவப் பட்டப்பின் படிப்பையும் அமைப்பது இதன் நோக்கம். பொறியியலாளரும் மருத்துவரும் ஒரே கூரையின் கீழ் ஆய்வு செய்யும் வகையில் திட்டமிடப்பட்ட இவ்வைத்தியசாலைக்கு அவ்வாண்டு ஜூன் மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. இம்முறை கட்டடம் கொடையாளிகளின் பெயரைத் தாங்குகின்றது.