சாயம் போகுமா?

எங்கள் குமாரலிங்கபுரத்தில் என் வயதுக்காரர்களின் அப்பத்தாக்கள் அநேகம் பேர் கையில் பச்சை இருந்தது. முழங்கைக்குக் கீழே புள்ளிக்கோலம், தேள், சிலருக்குத் தாடையில் ஒரே ஒரு புள்ளி. கரிசல் வெயிலில் கறுத்த தோலில் அது பாசி பிடித்த கிணற்றுக் கல் மாதிரித் தெரியும். செத்தால் கூட வருவது இது ஒன்றுதான் என்று என் அப்பத்தா சொல்லும். தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றி விடுவார்கள், பச்சையைக் கழற்ற முடியாதே.

நான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சேலை வாங்க வருகிறவர்கள் விலைக்கு முன்னால் கேட்கிற கேள்வி "சாயம் போகுமா?" என்பதுதான். அதனால் இந்தப் பச்சையின் சாயம் எதில் ஆனது என்பதில் எனக்கு எப்போதுமே ஒரு ஆர்வம். சென்னை அருங்காட்சியகத்தில் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலைத் தெரிந்திருப்பீர்கள். பச்சை குத்தும் குறவர் இனப் பெண்களின் வேலையை அவர் எழுதி வைத்திருக்கிறார். மஞ்சள் பொடியையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் வைத்துத் திரியாக உருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே ஒரு மண்சட்டியைக் கவிழ்த்தால் கரி படியும். அந்தக் கரியைத் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்து, சேர்த்துக் கட்டிய ஊசிகளால் குத்துவார்கள். வலி தெரியாமல் இருக்கப் பாட்டு வேறு.

அகத்திக் கீரை போட்டதால்தான் பச்சை நிறம் என்று எங்கள் ஊரில் நம்பினார்கள். அப்படி இல்லை. எரிந்த பிறகு எந்தக் கீரையும் கரிதான். கறுப்பு, தோலுக்கு அடியில் போனதும் நீலம் கலந்த பச்சையாகத் தெரிகிறது. தோல் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வருகிற கண்மயக்கு அது. ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991ல் கண்டெடுத்தார்களே, 5300 வருஷத்துக்கு முந்தைய மனிதன், அவன் உடம்பில் 61 பச்சைக் குறிகள். அதுவும் கரியே.

ஆசைக்குக் குத்துவது ஒரு பக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி 1797ல் வங்காளத்தில் போட்ட சட்டத்தின்படி, ஆயுள் தண்டனைக் கைதியின் நெற்றியில் அவன் பெயரையும் குற்றத்தையும் பச்சை குத்தினார்கள். 'கோதனா' என்று பெயர். பிறகு சென்னை மாகாணத்திலும் அது நடந்தது. 1849ல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். சட்டத்தை நிறுத்தலாம், நெற்றியில் இருப்பதை என்ன செய்வது? கைதிகள் தலைப்பாகையை இறக்கிக் கட்டி மறைத்தார்கள். அன்றைக்குப் பச்சையை மறைக்கத் தலைத்துணி. இன்றைக்கு வழுக்கையை மறைக்கத் தலையில் பச்சை. அதற்குத்தான் வருகிறேன்.

வருவதற்கு முன் எங்கள் பக்கத்து அருப்புக்கோட்டைக் கதை ஒன்று. எம்.ஜி.ஆர். 1977ல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் நின்று ஜெயித்துத்தான் முதல் முறை முதலமைச்சரானார். அவருடைய வெள்ளைத் தொப்பிக்கு அடியில் முடி குறைந்துவிட்டது என்பது ஊரறிந்த ரகசியம். ஒருத்தரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. 1987 டிசம்பரில் அவரை அடக்கம் செய்தபோதும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கூடவே போயின. அதே எம்.ஜி.ஆர்.தான் 1970களில் கட்சிக்காரர்கள் கையில் கட்சிக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று சொன்னவர். கட்சி மாறுவதைத் தடுக்க அது ஒரு வழி. பெரிய ஆட்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை, தொண்டர்கள் வரிசையில் நின்றார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் அவர் மறைந்து, கட்சி உடைந்து, 1989 தேர்தலில் இரட்டை இலையே முடக்கப்பட்டு, ஒரு பக்கம் சேவல், இன்னொரு பக்கம் இரட்டைப் புறா என்று ஆனது. கையில் குத்தியவன் என்ன செய்வான்? வேறு கட்சிக்குப் போன ஒருவர் எங்கள் பக்கம் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடுதான் அலைந்தார். தலைவர் கழற்றி மாட்டுகிற தொப்பியை வைத்துக்கொண்டார், தொண்டனுக்குக் கழற்ற முடியாததைக் கொடுத்தார். குறையாகச் சொல்லவில்லை, எனக்கு அப்படித் தோன்றும்.

இப்போது விஷயம். என் தங்கச்சி மகனுக்கு 29 வயது. நெற்றி இரண்டு பக்கமும் ஏறி, உச்சியிலும் முடி கொட்டிவிட்டது. தை மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். மதுரையில் ஒரு இடத்தில் விசாரித்துவிட்டுப் போனில் கேட்டான். "மாமா, தலையில புள்ளி புள்ளியா சாயம் வச்சு, முடி வெட்டுன தலை மாதிரி ஆக்கிருவாங்களாம். டெம்பரவரிதான், நாலஞ்சு வருஷத்துல தானா போயிரும்ங்கிறாங்க. நெசமா?"

ஸ்கால்ப் மைக்ரோபிக்மென்டேஷன் என்று அதற்குப் பெயர். பெயர் நீளமே தவிர வம்சம் பழையது. எடிசன் 1875ல் காகிதத்தில் ஓட்டை போட்டுப் பிரதி எடுக்க ஒரு மின்சாரப் பேனா செய்தார். அதை மாற்றி சாமுவேல் ஓ'ரெய்லி என்பவர் 1891ல் நியூயார்க்கில் பச்சை குத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1984ல் கண் மருத்துவர் ஒருவர் கண்மையைப் பச்சையாகவே குத்தலாம் என்று எழுதினார், பிறகு புருவம். 2001ல் டிராக்கினா என்ற மருத்துவர், முடி நடும் அறுவைக்குப் பிறகு தெரிகிற தழும்பையும் இடைவெளியையும் மறைக்கத் தலையில் சாயம் குத்தியதைத் தோல் மருத்துவ இதழில் எழுதினார். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில், முழுத் தலையும் ஒட்ட வெட்டிய முடி மாதிரித் தெரியப் புள்ளி வைக்கும் வேலை தனித் தொழிலானது.

போகுமா, போகாதா? மருதாணியையும் பச்சையையும் யோசித்துப் பாருங்கள். மருதாணி மேல்தோலில்தான் பிடிக்கிறது. மேல்தோல் உதிர்ந்துகொண்டே இருப்பதால் இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். பச்சை அதற்கு அடியில் இருக்கிற உட்தோலுக்குப் போகிறது. அங்கே கிருமியைத் தின்கிற செல்கள் சாயத்துகளையும் விழுங்கிவிடும், செரிக்க முடியாது. 2018ல் பிரான்சில் மார்செய் நகர ஆராய்ச்சியாளர்கள் எலியின் வாலில் பச்சை குத்திப் பார்த்தார்கள். விழுங்கிய செல் சாகும்போது துகளைக் கக்குகிறது, பக்கத்தில் புதிதாக வந்த செல் அதை எடுத்துக்கொள்கிறது. அப்பன் கடனை மகன் ஏற்பது போல. செல்கள் மாறுகின்றன, சாயம் அங்கேயே இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சில துகள்கள் நெறி கட்டுகிற இடங்களுக்கு நகரும். ஜெர்மனி, பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2017ல் அதையும் காட்டினார்கள்.

தலையில் வைக்கிற புள்ளி சின்னது, உட்தோலின் மேல்மட்டத்தில் வைப்பது, வெயில் நேராக விழுகிற இடம். அதனால் சில வருஷத்தில் மங்கும், மறுபடி தொட்டு விடச் சொல்வார்கள். மங்குவதைத்தான் 'டெம்பரவரி' என்று விற்கிறார்கள். சங்கத்தில் கெட்டிச் சாயம் என்றால் கெட்டிச் சாயம், மங்கும் என்றால் மங்கும், இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தை கிடையாது. நியூயார்க்கில் 2021ல் ஒரு நிறுவனம், 9 முதல் 15 மாதத்தில் கரைந்துபோகும் மை என்று விளம்பரம் செய்து பச்சை குத்தியது. பலருக்குச் சொன்ன காலம் தாண்டியும் போகவில்லை.

அவனிடம் மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, வெறும் கரியா, பல நிறம் கலந்ததா என்று கேள். கலவையில் ஒரு நிறம் முந்தி மங்கினால் மிச்சம் நீலமாகவோ சிவப்பாகவோ தெரியும். இரும்பு ஆக்சைடு கலந்ததாக இருந்தால், பின்னால் லேசர் வைத்து எடுக்கப் போகும்போது கறுத்துவிடலாம். இரண்டு, புள்ளி வரிசையை 29 வயது நெற்றிக்கு வைக்காதே, 60 வயது நெற்றிக்கு வை. வலி பொறுத்துக்கொள்ளலாம், 60 வயது முகத்தில் கல்லூரிப் பையன் நெற்றி பார்க்கச் சகிக்காது. மூன்றாவதைத்தான் யாரும் சொல்வதில்லை. மிச்சம் இருக்கிற முடி ஒரு நாள் நரைக்கும். புள்ளி நரைக்காது. அப்போது ஆயுசுக்கும் மை அடிக்க வேண்டும், இல்லை வாரம் இரண்டு தடவை மழிக்க வேண்டும்.

"பொண்ணு வீட்டுல சொல்லணுமா மாமா?" என்றான்.

"தொட்டுப் பாத்தா தெரிஞ்சிரும்டா. பேசாம முன்னாடியே சொல்லிரு" என்றேன்.

மதுரைக்காரர்களிடம் மையின் பெயரைக் கேட்டிருக்கிறான். வெளிநாட்டு மை என்பதற்கு மேல் பதில் வரவில்லை. இப்போதைக்குத் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு திரிகிறான். அவன் அம்மாவுக்குத்தான் அது பொறுக்கவில்லை.