நற்பணித் தடை ஓட்டம்

இக்கட்டுரை பொதுநலப் பணிக்கு நிதி திரட்டுவதற்காக நடத்தப்படும் தடை ஓட்டம் பற்றியது. தடகளப் போட்டியைப் பற்றி அறிய, தடை தாண்டும் ஓட்டம் கட்டுரையைப் பார்க்க.

நற்பணித் தடை ஓட்டம் என்பது சுவர், கயிற்று வலை, சேற்றுக் குழி, நீர்நிலை முதலிய தடைகளைக் கடந்து ஓடி, அதன்வழி மருத்துவமனை, ஆய்வு நிறுவனம், ஆதரவற்றோர் இல்லம் போன்றவற்றுக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி ஆகும். பெரும்பாலும் 5 கிலோமீட்டர் முதல் 20 கிலோமீட்டர் வரையிலான தொலைவுக்கு இது நடத்தப்படுகிறது. தடகளத்தில் உள்ள தடை தாண்டும் ஓட்டத்தில் தடைகளின் உயரமும் இடைவெளியும் வரையறுக்கப்பட்டவை. தடை ஓட்டத்தில் அவ்வாறில்லை; நிலத்தின் அமைப்புக்கும் நடத்துநரின் விருப்பத்துக்கும் ஏற்பத் தடைகள் மாறுபடும்.

வரலாறு

தடைகளைக் கடக்கும் பயிற்சி படைத்துறையிலிருந்து வந்தது. பிரான்சியக் கடற்படை அதிகாரி சார்ச்சு எபேர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓடுதல், ஏறுதல், தாண்டுதல், சுமத்தல் ஆகியவற்றை இணைத்து உருவாக்கிய உடற்பயிற்சி முறை, பின்னாளைய தடைப் பயிற்சிக் களங்களுக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது.

பொதுமக்களுக்கான தடை ஓட்டங்களுள் பரவலாக அறியப்பட்டது, இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்சயரில் உள்ள பெர்ட்டன் என்னும் ஊரில் 1987ஆம் ஆண்டு தொடங்கிய 'டஃப் கை' ஆகும். முன்னாள் படைவீரரான பில்லி வில்சன் தமது பண்ணையில் இதனைத் தொடங்கினார். அப்பண்ணையில் கைவிடப்பட்ட குதிரைகளும் கழுதைகளும் பராமரிக்கப்பட்டன. பல ஆண்டுகள் சனவரி மாதக் கடுங்குளிரில் ஓட்டம் நடைபெற்றது.

ஐக்கிய அமெரிக்காவில் 2009இல் 'வாரியர் டாஷ்', 2010இல் 'டஃப் மடர்', 'ஸ்பார்ட்டன்' ஆகியவை தொடங்கின. இவற்றுள் டஃப் மடர் நேரத்தைக் கணக்கிடாமல், பிறருக்கு உதவி அனைவரும் ஓட்டத்தை நிறைவு செய்வதையே நோக்கமாக அறிவித்தது. 2019ஆம் ஆண்டு பிலிப்பைன்சில் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டுகளில் தடை ஓட்டம் இடம்பெற்றது. நவீன ஐந்திறப் போட்டியில் குதிரையேற்றத்துக்கு மாற்றாகத் தடை ஓட்டம் சேர்க்கப்பட்டு, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இடம்பெற உள்ளது.

தடைகள்

வழக்கமான தடைகள் பின்வருமாறு:

* உயரமான மரச்சுவர். தனியாக ஏறுவது கடினம். கீழிருப்பவர் தோள்கொடுக்க, மேலிருப்பவர் கைகொடுத்துத் தூக்குவார்.
* தாழ்வாகக் கட்டிய முள்கம்பியின் கீழ் சேற்றில் தவழ்தல்.
* கயிற்று வலையில் ஏறி மறுபுறம் இறங்குதல்.
* தொங்கும் கம்பிகளைப் பற்றி நீரின் மேல் கடத்தல்.
* மணல்மூட்டை, மரக்கட்டை ஆகியவற்றைச் சுமந்து ஓடுதல்.
* பனிக்கட்டி இட்ட நீரில் மூழ்கி எழுதல்.

நற்பணி ஓட்டங்களில் ஒரு தடையைக் கடக்க இயலாதவர் அதனைச் சுற்றிச் செல்ல அனுமதிக்கப்படுவது வழக்கம்.

நிதி திரட்டும் முறை

நிதி மூன்று வழிகளில் திரட்டப்படுகிறது. முதலாவது, நுழைவுக் கட்டணத்தின் ஒரு பகுதியை நடத்துநர் நற்பணிக்கு அளித்தல். இரண்டாவது, பங்கேற்பவர் தம் உறவினர், நண்பர், உடன் பணிபுரிவோர் ஆகியோரிடம் 'நான் இந்த ஓட்டத்தை முடித்தால் இவ்வளவு தருக' என்று கேட்டுப் பெறுதல். மூன்றாவது, தொண்டு அமைப்பு நுழைவிடங்களை மொத்தமாகப் பெற்று, குறிப்பிட்ட தொகையைத் திரட்டித் தருவதாக உறுதியளிப்போருக்கு வழங்குதல்.

நுழைவுக் கட்டணமும் நன்கொடையும் ஒன்றல்ல. பெரிய தடை ஓட்டங்கள் பலவற்றை நடத்துபவை இலாப நோக்குள்ள நிறுவனங்கள். கட்டணம் முதலில் களம் அமைத்தல், மருத்துவ உதவி, காப்பீடு ஆகியவற்றின் செலவுக்கே செல்லும். வாரியர் டாஷ் நிகழ்ச்சிகள் 2019இல் நிறுத்தப்பட்டன. டஃப் மடர் நிறுவனம் 2020இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளாகி, ஸ்பார்ட்டன் நிறுவனத்தால் வாங்கப்பட்டது. கட்டணத்தில் எவ்வளவு பங்கு, எந்த அமைப்புக்கு, எப்போது அளிக்கப்படும் என்பது எழுத்தில் இருந்தால் மட்டுமே பங்கேற்பவர் அதனைச் சரிபார்க்க இயலும். தொண்டு அமைப்புக்கு நேரடியாகப் பணம் அனுப்பி, அதன் பெயரில் பற்றுச்சீட்டு பெறும் முறையில் இந்த ஐயம் எழுவதில்லை.

இந்தியாவில் பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தவர்கள், அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு அளிக்கும் நன்கொடைக்கு வரிக்கழிவு பெறலாம். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையை ரொக்கமாக அளித்தால் இக்கழிவு கிடைக்காது.

பாதுகாப்பு

தடை ஓட்டத்தில் சுளுக்கு, எலும்பு முறிவு, நீரிழப்பு, உடல்வெப்பக் குறைவு ஆகியவை நேர்கின்றன. 2013ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நடைபெற்ற டஃப் மடர் ஓட்டத்தில், உயரத்திலிருந்து நீரில் குதிக்கும் தடையில் ஒருவர் மூழ்கி இறந்தார். நீர்த்தடைகளில் ஒருவர் வெளியேறிய பின்னரே அடுத்தவரை அனுமதிப்பதும், மீட்பு நீச்சல் வீரர்களை நிறுத்துவதும் இன்றியமையாதவை.

சேற்றின் வழியாகவும் நோய் பரவும். 2012 அக்டோபரில் நெவாடாவில் கால்நடைப் பண்ணை ஒன்றில் நடந்த தடை ஓட்டத்தில், சேற்று நீரை விழுங்கிய பலருக்குக் கேம்பைலோபாக்டர் நுண்ணுயிரியால் வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. 2000ஆம் ஆண்டு மலேசியாவின் சபா மாநிலத்தில் நடைபெற்ற சாகசப் போட்டியில் ஆற்றில் நீந்திய வீரர்களிடையே எலிக்காய்ச்சல் பரவியது. எலிக்காய்ச்சல் தமிழகத்திலும் மழைக்காலத்தில் காணப்படும் நோய் ஆதலால், தேங்கிய நீரில் தடை அமைப்பதைத் தவிர்ப்பதும், உடலில் புண் உள்ளவர்கள் சேற்றில் இறங்காமலிருப்பதும் நல்லது. ஓட்டம் முடிந்து சில நாட்களில் காய்ச்சல் வந்தால், சேற்று நீரில் இறங்கியதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

பங்கேற்பவர்கள் பொறுப்புத் துறப்புப் பத்திரத்தில் கையொப்பமிடுவது வழக்கம். ஆயினும் அது நடத்துநரை எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுவிப்பதில்லை. எடுத்துக்காட்டாக, ஐக்கிய இராச்சியச் சட்டப்படி, கவனக்குறைவால் நேரும் இறப்புக்கோ காயத்துக்கோ உரிய பொறுப்பை வணிக நிறுவனம் ஒப்பந்தத்தின் மூலம் விலக்கிக்கொள்ள இயலாது.

இந்தியாவிலும் தமிழகத்திலும்

இந்தியாவில் 2012இல் தொடங்கிய 'டெவில்ஸ் சர்க்யூட்' பரவலாக அறியப்பட்ட தடை ஓட்டம் ஆகும்.

தமிழகத்தில் தடைப் பயிற்சி படைத்துறையினரிடையே நெடுநாளாக உள்ளது. 1963ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பரங்கிமலை படை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் இது பயிற்சியின் ஒரு பகுதி. பரங்கிமலை அடங்கிய ஆலந்தூர் வட்டம் 2018இல் சென்னை மாவட்டத்துடன் இணைக்கப்படும் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. பள்ளி விளையாட்டு விழாக்களில் நடத்தப்படும் சாக்கு ஓட்டமும் கோயில் திருவிழாக்களில் இடம்பெறும் வழுக்குமரம் ஏறுதலும் தடை ஓட்டத்தின் கூறுகளைக் கொண்டவை. வழுக்குமரத்திலும் ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறியே உச்சியை எட்டுகின்றனர்.

தடைகளற்ற நற்பணி ஓட்டத்துக்கு எடுத்துக்காட்டு, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் நடத்தப்பட்டுள்ள டெரி ஃபாக்ஸ் ஓட்டம். எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலக்காலை இழந்த கனடியரான டெரி ஃபாக்ஸ், புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்ட 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலுடன் ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்த நிலையில், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்தினார். கனடியர் ஒருவருக்கு ஒரு டாலர் என்ற அவரது இலக்கு 1981 பிப்ரவரியில் எட்டப்பட்டது. அவர் அதே ஆண்டு சூன் 28 அன்று காலமானார். அவர் பெயரில் நடைபெறும் ஓட்டங்களில் வெற்றியாளர் அறிவிக்கப்படுவதில்லை. நடந்து வருவோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் பங்கேற்கலாம்.

இவற்றையும் பார்க்கவும்

* டெரி ஃபாக்ஸ்
* மாரத்தான்
* எலிக்காய்ச்சல்
* வழுக்குமரம்