ஜின்னாவுக்குக் கிடைத்த மக்கள் ஆதரவு

பாகிஸ்தான் வேண்டும் என்று ஜின்னா கேட்டார், முஸ்லிம்கள் அவர் பின்னால் திரண்டார்கள், நாடு பிறந்தது. பலரும் வரலாற்றை இப்படித்தான் சுருக்கிச் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆதரவு தொடக்கத்திலிருந்தே இருந்ததா?

1937ஆம் ஆண்டு மாகாணத் தேர்தலைப் பார்ப்போம். முஸ்லிம்களுக்கென ஒதுக்கப்பட்ட 480க்கும் அதிகமான இடங்களில் முஸ்லிம் லீக் வென்றவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த பஞ்சாபில் யூனியனிஸ்ட் கட்சி ஆட்சி அமைத்தது. வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தில் லீக்கிற்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

ஒன்பது ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1945 இறுதியில் நடந்த மத்திய சட்டமன்றத் தேர்தலில் முஸ்லிம்களுக்கான 30 இடங்களையும் லீக் கைப்பற்றியது. 1946 மாகாணத் தேர்தலில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்ட முஸ்லிம் இடங்கள் அதன் வசமாயின.

இந்த மாற்றத்துக்குக் காரணங்கள் பல. 1937இல் ஐக்கிய மாகாணத்தில் லீக்குடன் கூட்டு அமைச்சரவை அமைக்கும் பேச்சு முறிந்தது, படித்த முஸ்லிம்களிடையே அச்சத்தை வளர்த்தது. 1940 மார்ச்சில் லாகூர் தீர்மானம் அந்த அச்சத்துக்கு ஓர் இலக்கைக் காட்டியது. 1942இல் காங்கிரஸ் தலைவர்கள் சிறை சென்றபோது, வெளியில் இருந்த லீக் வேரூன்றியது. அலிகார் மாணவர்கள் கிராமம் கிராமமாகச் சென்று வாக்குக் கேட்டார்கள். பஞ்சாபில் பீர்கள் எனப்படும் ஆன்மிகத் தலைவர்கள் பலர் லீக் பக்கம் சாய்ந்தார்கள். வங்காளத்திலோ நிலக்கிழார்களில் பெரும்பாலோர் இந்துக்கள். கிழக்கு வங்க உழவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அந்த உழவருக்குப் பாகிஸ்தான் என்பது குத்தகையிலிருந்தும் வட்டிக்கடனிலிருந்தும் விடுதலை என்றே பொருள்பட்டது.

ஆக, ஒரே முழக்கத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு பொருள் கொண்டார்கள். லாகூர் தீர்மானத்தில் ‘பாகிஸ்தான்’ என்ற சொல்லே இல்லை. எல்லைகளும் தெளிவாக வரையறுக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அன்று அனைவருக்கும் வாக்குரிமை இருக்கவில்லை என்பதையும் மறந்துவிடக்கூடாது. சொத்து, வரி, கல்வி ஆகியவற்றின் அடிப்படையிலேயே வாக்கு வழங்கப்பட்டது. மௌலானா ஆசாத், கான் அப்துல் கபார் கான், ஜமியத் உலமாயே ஹிந்த் அமைப்பினர் ஆகியோர் பிரிவினையை எதிர்த்தனர். எல்லைப்புற மாகாணத்தில் 1946இலும் காங்கிரஸே வென்றது.

எல்லாவற்றையும்விட நெஞ்சைத் தொடுவது வேறொன்று. ஐக்கிய மாகாணம், பம்பாய், சென்னை ஆகிய இடங்களின் முஸ்லிம் வாக்காளர்களும் பெருமளவில் லீக்கை ஆதரித்தனர். அவர்களுடைய ஊர்கள் பாகிஸ்தானில் சேர வழியே இல்லை. 1947 ஆகஸ்டில் எல்லைக்கோடு விழுந்தபோது, இலட்சக்கணக்கானோர் வீடுவாசல் இழந்து அகதிகளானார்கள். கோடிக்கணக்கான முஸ்லிம்கள் இந்தியாவிலேயே தங்கினார்கள். அவர்களுக்கென ஓர் அரசியல் வழி தேட வேண்டியிருந்தது. 1948 மார்ச்சில் சென்னையில் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் தலைமையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவானது.

லாகூர் தீர்மானத்தை முன்மொழிந்தவர் வங்காளத்தின் பஸ்லுல் ஹக். அவருடைய கிழக்கு வங்காளமும் 1971இல் பாகிஸ்தானிலிருந்து பிரிந்து வங்காளதேசம் ஆனது. 1946இல் ஜின்னாவுக்குக் கிடைத்த ஆதரவு உண்மையானது. ஆனால் எதற்காக வாக்களித்தார்களோ, அது வாக்களித்த எல்லாருக்கும் கிடைக்கவில்லை.