எச்சிலும் கொசுவும் ஒரு ஒத்தைக்கண் டாக்டரும்

சின்ன வயசுல சொம்புல வாய் வச்சுத் தண்ணி குடிச்சா அப்பாயி விடாது. "எச்ச பண்ணாதடா, அண்ணாந்து குடி"ன்னு ஒரே சத்தம். அதே அப்பாயிதான் பல் முளைக்காத தம்பிக்கு முறுக்கை மென்னு ஊட்டிவிடும் :-) இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு வைரஸோட கதை இருக்கு மக்களே.

1957. உகாண்டாவில கம்பாலா, முலாகோ ஆஸ்பத்திரி. டெனிஸ் புர்கிட்னு அயர்லாந்துக்கார சர்ஜன், 11 வயசுல ஒரு கண்ணை இழந்தவர். அவர்கிட்ட ஒரு சின்னப் பையனைக் காட்டினாங்க. மேல்தாடை, கீழ்தாடை, வலது, இடதுன்னு நாலு பக்கமும் வீக்கம். ஒரு இடத்துல கட்டின்னா புரியும், நாலு இடத்துலயும் ஒரே நேரத்துல எப்படி? கொஞ்ச வாரம் கழிச்சு ஜின்ஜாவில இன்னொரு குழந்தைக்கும் அதே மாதிரி. ரெண்டு தடவை பார்த்தா தற்செயல் இல்லைன்னு மனுஷன் பழைய ரெக்கார்டுகளைத் தோண்ட ஆரம்பிச்சார். 1958-ல கட்டுரை வந்துச்சு. அந்தப் பகுதிக் குழந்தைகளைக் கொன்னுக்கிட்டிருந்த ஒரு புற்றுநோய் அது.

அடுத்து அவர் செஞ்சதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. புரொடக்‌ஷன்ல பக் வந்தா, எந்த சர்வர்ல வருது, எதுல வரலைன்னு முதல்ல பார்ப்போம்ல? அதேதான். ஆப்பிரிக்கா முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, பதில் வந்த இடத்தையெல்லாம் வரைபடத்துல குறிச்சார். நடு ஆப்பிரிக்காவுக்குக் குறுக்கே ஒரு பட்டை தெரிஞ்சுது. 1961-ல ரெண்டு டாக்டர் நண்பர்களோட ஒரு பழைய ஃபோர்டு வண்டியில சுமார் 10,000 மைல் சுத்தினார். நோய் எங்கே நிக்குதுன்னு பார்க்கத்தான். பூமத்திய ரேகைப் பக்கம் ஏறக்குறைய 5,000 அடிக்கு மேல நோய் இல்லை. தெற்கே போகப் போக அந்த உயரம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. அப்போ கணக்கு உயரம் இல்லை, குளிர்! 16 டிகிரிக்குக் கீழ போற ஊர்லயும் மழை குறைஞ்ச ஊர்லயும் நோய் இல்லை. கொசுவுக்கு ஆகாத ஊர்கள்.

அதே வருஷம் மார்ச் 22, லண்டன்ல புர்கிட் பேசினப்போ டோனி எப்ஸ்டைன்னு ஒருத்தர் கேட்டுக்கிட்டிருந்தார். இது வைரஸ் வேலைன்னு அவருக்குத் தோணிருச்சு. கம்பாலாவிலருந்து கட்டிகள் விமானத்துல லண்டன் போக ஆரம்பிச்சுது. ரெண்டு வருஷத்துக்கு மேல ஒண்ணும் சிக்கலை. 1963 டிசம்பர்ல பனிமூட்டத்தால விமானம் மான்செஸ்டருக்குத் திரும்பிருச்சு. தாமதமா வந்த பாட்டில் கலங்கிப்போயிருந்துச்சு. கெட்டுப்போச்சுன்னு கொட்டியிருப்பாங்க, ஆனா மைக்ராஸ்கோப்புல பார்த்தா உயிரோட மிதக்கிற செல்கள்! அதை வளர்த்து, 1964 பிப்ரவரியில எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பார்த்தப்போ ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். எப்ஸ்டைன் கோட்டுகூட போடாம பனியில தெருவைச் சுத்தி நடந்தாராம். கூட வேலை பார்த்தவங்க ஆச்சாங், இவோன் பார்; இதுல பார் பெயர் மட்டும் சேர்ந்து எப்ஸ்டைன்-பார் வைரஸ் ஆச்சு. (இவோன் பாரும் புர்கிட்டும் இப்போ இல்லை, எப்ஸ்டைன் 2024-ல 102 வயசுல போனார்.)

இது கொசு மூலமா பரவுதுன்னுதான் புர்கிட் நினைச்சார். அங்கதான் ட்விஸ்ட். இது பரவுறது எச்சில்ல! பெரியவங்கள்ல பத்துல ஒன்பது பேருக்கு மேல இது இருக்கு, தொண்டையில அப்பப்போ தலைகாட்டும், நமக்குத் தெரியாது. மென்னு ஊட்டுற, கூட்டமா வாழுற வீடுகள்ல மூணு வயசுக்குள்ளயே தொத்திக்கும், சத்தமில்லாம. வசதியான நாடுகள்ல தள்ளிப்போய், டீன் ஏஜ்ல முத்தத்தோட வந்தா வாரக்கணக்குல காய்ச்சலும் தொண்டைவலியும். 1960-களின் கடைசியில ஃபிலடெல்ஃபியாவில ஹென்லே தம்பதி லேப்ல இந்த வைரஸ் படாத ஒரு டெக்னீஷியனுக்கே அந்தக் காய்ச்சல் வந்து, ரத்தத்துல எதிர்ப்புப்பொருள் தென்பட்டப்போதான் முடிச்சு அவிழ்ந்துச்சு.

அப்போ கொசு? அது மலேரியா வழியா. திரும்பத் திரும்ப மலேரியா வந்தா, வைரஸ் குடியிருக்கிற பி செல்கள் ஓயாம பெருகும், காவல் காக்கிற டி செல்கள் தளரும். அந்தக் களேபரத்துல 8-வது குரோமோசோமோட துண்டு பெரும்பாலும் 14-வதோட ஒட்டி, செல் நிக்காம பெருகுது.

கீமோவுக்கு இந்தக் கட்டி நல்லா மசியும்னு புர்கிட்டே பார்த்தார். இன்னைக்கு பணக்கார நாட்டுல பத்துல ஒன்பது குழந்தை பிழைக்குது. ஆப்பிரிக்காவில பல இடத்துல பாதி பிழைச்சாலே பெரிசு. நோய் அதேதான், ஊர்தான் வேற.

இந்த வைரஸுக்கு இன்னும் தடுப்பூசி வரலை. மலேரியா தடுப்பூசியை 2021-ல உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைச்சிருச்சு. கொசுப் பக்கம் அடைச்சா அந்தத் தாடைகள் தப்பிக்குமான்னு பார்த்துக்கிட்டிருக்கேன்.